ஒமாஹா இறுதிச் சுற்றில் கோஸ்டல் கரோலைனா: நம் எல்.எஸ்.யூ. எதற்கெல்லாம் ஆயத்தமாக வேண்டும்?

புலிக்கொடி
2025 ஜூன் 19

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஒமாஹாவில் நடக்கும் கல்லூரி பேஸ்பால் உலகத் தொடரில் நம் எல்.எஸ்.யூ. (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) ஆர்கன்சா அணியை 6–5 என்று வென்ற புதன்கிழமை ஆட்டத்தைப் பற்றி நாம் ஏற்கெனவே நிறையப் பேசிவிட்டோம். ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு ஓட்டங்கள் பின்தங்கியிருந்தபோது லூயிஸ் எர்னாண்டஸின் அடி இடப்புறக் களவீரரின் கைக்குச் சிக்காமல் ஆட்டத்தைச் சமன் செய்ததையும், பிறகு ஜேரெட் ஜோன்ஸ் வெற்றி ஓட்டத்தை வரவழைத்ததையும் எல்.எஸ்.யூ. அன்பர்கள் யாரும் எளிதில் மறக்கப்போவதில்லை. ஆனால் சனிக்கிழமை தொடங்கும் இறுதிச் சுற்றில் நம்மை எதிர்கொள்ளும் கோஸ்டல் கரோலைனாவைப் பற்றி நம் பக்கத்தில் போதிய அளவு பேச்சு எழவில்லை என்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. நேற்றும் இன்றும் படித்த கருத்துகளில் பல, ஆர்கன்சாவை வென்றதோடு கோப்பை ஏறத்தாழக் கைக்கு வந்துவிட்டது போன்ற தொனியில் இருந்தன.

கோஸ்டல் தொடர்ச்சியாக 26 ஆட்டங்களை வென்று இறுதிச் சுற்றுக்கு வந்திருக்கிறது. பருவம் முழுவதற்குமான கணக்கு அவர்களுக்கு 56 வெற்றி, 11 தோல்வி. நமக்கு 51 வெற்றி, 15 தோல்வி. ஒமாஹாவில் அவர்கள் அரிசோனாவை 7–4, ஓரிகன் ஸ்டேட்டை 6–2, லூயிவில்லை 11–3 என்று வீழ்த்தி, நம்மைப் போலவே ஓர் ஆட்டத்தையும் இழக்காமல் வந்திருக்கிறார்கள்.

அன்பர்களிடம் நான் கேட்க விரும்புபவை இவை. சன் பெல்ட் போட்டிப் பிரிவில் ஆடும் ஓர் அணியின் இந்த வெற்றித் தொடரை, தென்கிழக்குப் பிரிவில் வாரந்தோறும் அடிபட்டு வளர்ந்த நம் அணியின் கணக்கோடு எவ்வாறு ஒப்பிடுவது? அவர்களுடைய ஆட்டத்தில் நாம் உண்மையிலேயே அஞ்ச வேண்டிய கூறு எது? முதல் ஆட்டத்தில் கேட் ஆண்டர்சன், இரண்டாவதில் ஆன்டனி அயன்சன் என்ற பந்துவீச்சாளர் வரிசையைத் தவிர வேறு எதையாவது பயிற்சியாளர் ஜே ஜான்சன் எண்ணிப்பார்க்க வேண்டுமா?

—

பாக்ஸ் அரங்கத்தான்
2025 ஜூன் 19

வணக்கம் நண்பரே. இந்தக் கேள்வியை நீங்கள் எழுப்பியதற்கு நன்றி. ஏனென்றால் கோஸ்டல் கரோலைனாவைச் சிறிய அணி என்று கருதும் உரிமை நாட்டில் எந்த அணியின் அன்பர்களுக்கு இருந்தாலும், நமக்கு இல்லை.

2016ஆம் ஆண்டில் ஒமாஹாவுக்கு முந்தைய சுற்றான சூப்பர் ரீஜினல் சுற்றில் இதே அணி நம் சொந்த அலெக்ஸ் பாக்ஸ் அரங்கத்துக்கு வந்து, முதல் ஆட்டத்தில் 11–8 என்றும் இரண்டாவதில் 4–3 என்றும் வென்று, நம்மை வீட்டிலேயே நிறுத்திவிட்டு ஒமாஹாவுக்குச் சென்றது. அங்கே சென்றதோடும் அவர்கள் நிற்கவில்லை. இறுதிச் சுற்றில் அரிசோனாவிடம் முதல் ஆட்டத்தை 3–0 என்று இழந்த பிறகு 5–4, 4–3 என்று அடுத்த இரண்டையும் வென்று கோப்பையையும் எடுத்துச் சென்றார்கள். அந்த அரிசோனா அணியின் தலைமைப் பயிற்சியாளர் யார் என்பதை இளைய அன்பர்கள் சிலர் அறியாதிருக்கலாம். அவர் இன்று நமக்குப் பயிற்சியளிக்கும் ஜே ஜான்சன்தான். அன்று கோஸ்டலின் துணைப் பயிற்சியாளர்களுள் ஒருவராக இருந்த கெவின் ஷ்னால், கேரி கில்மோர் ஓய்வு பெற்ற பின் இவ்வாண்டுதான் தலைமைப் பொறுப்பை ஏற்றிருக்கிறார்.

அந்த மூன்றாவது ஆட்டத்தில் அரிசோனா எவ்வாறு தோற்றது என்பதையும் நினைவூட்ட விரும்புகிறேன். ஆறாவது இன்னிங்ஸில் நேர்ந்த களத்தவறுகளைத் தொடர்ந்து கோஸ்டல் நான்கு ஓட்டங்களைச் சேர்த்தது. ஆட்டம் முழுவதிலும் அவர்கள் எடுத்தவையும் அந்த நான்குதான். எதிரணி ஒரு கதவைச் சற்றே திறந்தால் போதும், முழு அணியும் அதன் வழியாக உள்ளே வந்துவிடும் என்பதே அன்றைய கோஸ்டல். ஒன்பது ஆண்டுகளில் ஆட்டக்காரர்கள் எல்லோரும் மாறிவிட்டார்கள், உண்மை. ஆனால் இவ்வாண்டு அவர்கள் ஆடுவதைப் பார்க்கும்போது அதே பயிற்சியின் கை தெரிகிறது. ஜான்சன் அதை நம் எல்லோரையும் விட நன்கு அறிவார் என்பதே எனக்குள்ள பெரிய ஆறுதல்.

—

ஊதாவும் பொன்னும்
2025 ஜூன் 19

பிரிவின் தரம் பற்றிய முதல் கேள்விக்கு மட்டும் சுருக்கமாகப் பதில் சொல்கிறேன்.

தொடருக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் குழு பயன்படுத்தும், அணிகளின் தரத்தை அளக்கும் ஆர்.பி.ஐ. கணக்கில் ஓர் அணியின் சொந்த வெற்றி விகிதம் கால் பங்குதான். எதிரணிகளின் வெற்றி விகிதம் பாதிப் பங்கையும், அந்த எதிரணிகளை எதிர்த்து ஆடியவர்களின் விகிதம் எஞ்சிய கால் பங்கையும் பெறுகின்றன. எனவே வலுக்குறைந்த பிரிவில் எத்தனை ஆட்டங்களை வென்றாலும் அந்தக் கணக்கு ஓர் அணியை எளிதில் மேலே தூக்கிவிடாது. அப்படியிருந்தும் கோஸ்டல் தேசிய அளவில் 13ஆவது தரவரிசை பெற்று, முதல் சுற்றைத் தன் ஊரான கான்வேயிலேயே நடத்தும் தகுதியை அடைந்தது. அதன் பின் 4ஆவது தரவரிசையில் இருந்த, நம் பிரிவையே சேர்ந்த ஆபர்ன் அணியை ஆபர்னின் சொந்தக் களத்தில் அடுத்தடுத்து இரண்டு முறை வென்றது. இதற்கு மேலும் பிரிவைக் காட்டி அவர்களைக் குறைத்துப் பேசுவதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

பெயரைப் பார்த்து அணியை எடைபோடுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இந்த மாதத் தொடக்கத்திலேயே நாம் பார்த்தோம். தோல்விகள் வெற்றிகளை விட அதிகமாக இருந்த கணக்கோடு வந்த லிட்டில் ராக் அணி, நம் ஊரான பேட்டன் ரூஜில் நம்மை 10–4 என்று வென்று, திங்கட்கிழமை வரை இழுத்துச் சென்றது. கோஸ்டல் அதைவிடப் பல படிகள் மேலே இருக்கும் அணி.

—

இடக்கை வீச்சு
2025 ஜூன் 20

புலிக்கொடி அவர்களே, இரண்டாவது கேள்விதான் இந்தச் சுற்றின் உயிர்நாடி என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோஸ்டலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவர்களுடைய பந்துவீச்சையே முதலில் குறிப்பிடுகிறார்கள். அது நியாயமே. கேமரன் ஃப்ளூக்கியின் வேகம், இவ்வாண்டு ஒரு தோல்வியையும் காணாத ஜேக்கப் மாரிசனின் கட்டுப்பாடு, இவ்விருவரையும் வழிநடத்தும் கேட்சர் கேடன் போடைன் ஆகிய மூன்றும் சேர்ந்தால் எந்த மட்டையாளர் வரிசையும் திணறும். ஆயினும் நான் அதிகம் அஞ்சுவது அவர்கள் மட்டை பிடிக்கும் பாதியைத்தான். அடிக்காமலேயே பேஸ் (ஓட்டம் எடுக்க வரிசையாகக் கடக்க வேண்டிய நிலை) பெறுவதில் அவர்களுக்கு இணையான அணிகள் மிகக் குறைவு. பருவம் முழுவதும் உடலில் பந்து பட்டு முதல் பேஸுக்குச் செல்வதை அவர்கள் ஒரு பழக்கமாகவே வளர்த்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் நாட்டின் முன்னணி அணிகளுள் அவர்களும் உண்டு.

இதில் விதி சொல்வதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். மட்டையாளர் வேண்டுமென்றே அசைந்து பந்தின் பாதையில் உடலை வைத்தால் அவருக்கு பேஸ் கிடையாது. ஆனால் மட்டையாளருக்குரிய கட்டத்துக்குள் வரும் பந்துக்கு எதிரே அவர் அசையாமல் நின்று அடிபட்டால், நடுவர் அவருக்கு முதல் பேஸைத் தந்தே ஆக வேண்டும். கோஸ்டல் ஆட்டக்காரர்கள் தட்டுக்கு (ஹோம் பிளேட்) மிக அருகே நின்று, உள்பக்கம் வரும் பந்துக்கு விலகாமல் இருக்கிறார்கள். இது முழுக்க விதிக்கு உட்பட்டது. நம்மவர்களில் சிலர் இதை நேர்மையற்ற ஆட்டம் என்று எழுதியிருப்பதை நான் ஏற்கவில்லை. மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்தை உடலில் வாங்கத் துணிவதற்கு மிகுந்த மன உறுதி வேண்டும்.

இதன் விளைவு என்ன என்று பாருங்கள். ஆண்டர்சன் இடக்கை வீச்சாளர். அவருடைய ஸ்லைடர் என்னும் திரும்பும் பந்து வலக்கை மட்டையாளரின் பின்காலை நோக்கி உள்ளே திரும்பும். அயன்சன் வலக்கை வீச்சாளர் என்பதால் அவருடைய ஸ்லைடர் இடக்கை மட்டையாளருக்கு அதே வகையில் உள்ளே வரும். இருவருக்கும் ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் மட்டையாளரை வெளியேற்றுவது) ஈட்டித் தரும் முதன்மையான பந்துகளுள் ஒன்று, சில அங்குலங்கள் தவறினாலும் மட்டையாளரின் காலில் பட்டு இலவச பேஸாக மாறிவிடும். அதற்கு அஞ்சி உள்பக்கத்தையே கைவிட்டால், தட்டின் மீது சாய்ந்து நிற்கும் மட்டையாளருக்கு வெளிப்பக்கப் பந்து கைக்கு வாகாக அமைந்துவிடும். இதுதான் கோஸ்டல் வைக்கும் பொறி. பந்து படாதபோதும் அந்த அச்சத்தால் அவர்களுக்கு ஆதாயம் உண்டு.

இதற்கு என் விடை: உள்பக்கம் வீச வேண்டும், ஆனால் திரும்பும் பந்தைவிட உயரமான நேர்வேகப் பந்தை அதிகம் நம்ப வேண்டும், திரும்பும் பந்தை இரண்டு ஸ்ட்ரைக் கிடைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். முதல் பந்தையே ஸ்ட்ரைக்காக வீசினால் மட்டையாளர் காத்திருந்து அடிபடும் வாய்ப்பு குறைந்து, மட்டையைச் சுழற்ற வேண்டிய கட்டாயம் வரும். ஒருவர் பேஸுக்கு வந்துவிட்டால் பதறாமல் அடுத்த மட்டையாளரைக் கவனிப்பதும் இன்றியமையாதது. லூயிவில்லுக்கு எதிராக முதல் இன்னிங்ஸிலேயே அவர்கள் ஆறு ஓட்டங்களை எடுத்ததைப் பார்த்தவர்களுக்கு, ஓர் அணி ஒரு முறை தடுமாறினால் அவர்கள் எவ்வளவு விரைவாக ஆட்டத்தை முடித்துவிடுவார்கள் என்பது விளங்கும்.

போடைனைப் பற்றி இன்னும் ஒரு சொல். அவர் இரு கைகளாலும் மட்டை பிடிப்பவர். ஆண்டர்சனுக்கு எதிராக வலப்பக்கத்திலும் அயன்சனுக்கு எதிராக இடப்பக்கத்திலும் நிற்பார். ஆகவே கடைசி இன்னிங்ஸ்களில் பந்துவீச்சாளரை மாற்றி அவரை மடக்கலாம் என்ற கணக்கு செல்லாது. அவர் எளிதில் ஸ்ட்ரைக்அவுட் ஆகமாட்டார் என்பதால், அவருக்கு முன் வரும் இருவரை பேஸுக்கு விடாமல் தடுப்பதே சிறந்த தற்காப்பு.

—

நெப்ராஸ்கா காற்று
2025 ஜூன் 20

மேலே எழுதிய அன்பரின் கருத்துகளில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் உயரமான நேர்வேகப் பந்தை இவ்வளவு துணிவாக நம்பலாம் என்று அவர் சொல்வதற்கான காரணம் களத்தில் இருக்கிறது. அதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் வாதம் முழுமை பெறாது.

இறுதிச் சுற்று நடக்கும் சார்ல்ஸ் ஷ்வாப் களத்தில் இரு ஓரங்களும் 335 அடி, இடைவெளிகள் 375 அடி, நடுப்பகுதி 408 அடி. ஹோம் பிளேட்டிலிருந்து பார்த்தால் களம் தென்கிழக்கு நோக்கித் திறக்கிறது. கோடையில் ஒமாஹாவில் தெற்கிலிருந்து காற்று வீசும் நாள்களில், உயரமாக அடிக்கப்பட்ட பந்து களத்துக்குள்ளேயே திருப்பித் தள்ளப்படும். 2013, 2014 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஒமாஹாவில் நடந்த ஒட்டுமொத்தத் தொடரிலும் ஆண்டுக்கு மூன்று ஹோம் ரன்கள் (வேலியைத் தாண்டும் அடிகள்) மட்டுமே அடிக்கப்பட்டன. 2015இல் தையல் தாழ்ந்த பந்து வந்த பிறகு நிலைமை மாறியது என்றாலும், காற்று எதிரே வீசும் நாளில் இந்தக் களம் இன்றும் பந்துவீச்சாளரின் பக்கமே நிற்கிறது. அத்தகைய நாளில் உயரமான பந்தைத் தூக்கி அடித்தாலும் அது வேலிக்கு முன்பே இறங்கி, களவீரர் கையில் சேரும்.

இதே காரணம் நமக்கு எதிராகவும் வேலை செய்யும் என்பதை மறந்துவிடக் கூடாது. நம் அணி வலுவான அடிகளை நம்பி வளர்ந்த அணி. சூப்பர் ரீஜினலில் வெஸ்ட் வெர்ஜீனியாவுக்கு எதிராக 16, 12 என்று ஓட்டங்களைக் குவித்த ஆட்டத்தை ஒமாஹாவில், அதுவும் ஃப்ளூக்கிக்கு எதிராக எதிர்பார்ப்பது சரியன்று. டெரெக் குரியல், ஸ்டீவன் மைலம் போன்றவர்கள் இடைவெளிகளில் தாழ்வாக அடித்து இரண்டாம் பேஸை எட்டுவதும், ஒரு ஓட்டத்தை ஒரு ஓட்டமாகவே மதித்து எடுப்பதும்தான் இந்தச் சுற்றில் பலன் தரும். முதல் இன்னிங்ஸில் கிடைக்கும் ஒற்றை ஓட்டம் கூட இறுதிவரை நிற்கக்கூடிய சுற்று இது.

—

புலிக்கொடி
2025 ஜூன் 20

விரிவாக எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இடக்கை வீச்சு அவர்களின் விளக்கத்துக்குப் பிறகு எனக்கு இன்னும் ஒரு கேள்வி எழுகிறது.

உடலில் பந்து படுவதைப் பற்றிய அச்சம் ஆண்டர்சனைவிட அயன்சனுக்கே அதிகம் பொருந்துகிறது என்று தோன்றுகிறது. அவர் ஸ்லைடரைப் பெரிதும் நம்புபவர். அப்படியிருக்க, முதல் ஆட்டத்தை அயன்சனிடம் தந்து, ஒரு வேளை அது கைநழுவினாலும் இரண்டாவது ஆட்டத்தில் ஆண்டர்சன் காத்துக்கொள்வார் என்ற எண்ணத்துக்கு இடம் உண்டா? இந்த யோசனையை வேறு ஓரிருவரும் முன்வைத்திருப்பதைக் கண்டேன்.

—

பாக்ஸ் அரங்கத்தான்
2025 ஜூன் 20

அன்புகூர்ந்து அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். மூன்று ஆட்டங்களில் இரண்டை வெல்ல வேண்டிய சுற்றில், முதல் ஆட்டத்தை இழந்த அணி மறுநாள் ஒவ்வொரு இன்னிங்ஸையும் கடைசி இன்னிங்ஸாக ஆட நேரிடும். 2023இல் நாம் ஃப்ளோரிடாவிடம் இரண்டாவது ஆட்டத்தில் 24–4 என்று தோற்றும், மறுநாள் 18–4 என்று வென்று கோப்பையைப் பெற்றோம் என்றால், அதற்கு முதல் ஆட்டத்தை 11 இன்னிங்ஸ் போராடி 4–3 என்று வென்றிருந்ததே காரணம். அந்த வெற்றி கையில் இருந்ததால்தான், இரண்டாவது ஆட்டம் கைமீறியபோது நல்ல பந்துவீச்சாளர்களை அதில் செலவழிக்காமல் மறுநாளுக்குச் சேமிக்க முடிந்தது.

—

இடக்கை வீச்சு
2025 ஜூன் 20

பாக்ஸ் அரங்கத்தான் சொன்னதோடு ஓய்வுக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்டர்சன் கடைசியாக வீசியது ஜூன் 14 அன்று, ஆர்கன்சாவை 4–1 என்று வென்ற ஆட்டத்தில். சனிக்கிழமை ஆடினால் அவருக்கு வழக்கமான ஒரு வார ஓய்வு சரியாக அமைகிறது. அயன்சன் யூ.சி.எல்.ஏ.வுக்கு எதிராக 16ஆம் தேதி வீசினார். ஞாயிற்றுக்கிழமை வரை அவரைக் காத்திருக்க வைப்பதே அவருடைய தோளுக்கும் நல்லது. வரிசையை மாற்றினால் அயன்சனின் ஓய்வு ஒரு நாள் குறையும், ஆண்டர்சனுக்குத் தேவையில்லாத ஒரு நாள் கூடும்.

புதன்கிழமை வெற்றியின் முழு மதிப்பும் இங்கேதான் தெரிகிறது. அன்று தோற்றிருந்தால், ஆர்கன்சாவோடு வியாழக்கிழமை மீண்டும் ஓர் ஆட்டம் ஆட நேர்ந்திருக்கும். காசன் எவன்ஸ், ஸாக் கோவன், சேஸ் ஷோர்ஸ் ஆகிய பந்துவீச்சாளர்களில் எவரையெல்லாம் அதில் செலவழித்திருப்போமோ தெரியாது. இப்போது புல்பென்னில் (மாற்றுப் பந்துவீச்சாளர்கள் காத்திருக்கும் இடம்) உள்ள எல்லோருக்கும் இரண்டு நாள் ஓய்வு கிடைத்திருக்கிறது. கோஸ்டலும் தோல்வியின்றி வந்ததால் அவர்களுக்கும் அதே வசதி உண்டு. ஆகவே இரு தரப்பும் தங்கள் சிறந்த வீச்சாளர்களோடு நேருக்கு நேர் நிற்கும் இறுதிச் சுற்று இது.

என் எதிர்பார்ப்பை வெளிப்படையாகச் சொல்கிறேன். இவ்வாண்டு நாட்டிலேயே மிக அதிகமான ஸ்ட்ரைக்அவுட்களை எடுத்திருப்பவர் ஆண்டர்சன். ஓக்லஹோமாவுக்குச் சென்று ஆடியபோது ஒன்பது இன்னிங்ஸையும் தாமே வீசி 2–0 என்று வென்று கொடுத்தவர். அவர் முதல் மூன்று இன்னிங்ஸ்களில் இலவச பேஸ்களைக் கட்டுக்குள் வைத்துவிட்டால் ஏழு இன்னிங்ஸ் தாண்டுவார், ஷோர்ஸ் முடித்துவைப்பார், நாம் 3–1 என்று வெல்வோம். முதல் இரண்டு இன்னிங்ஸ்களுக்குள்ளேயே இருவருக்கு மேல் உடலில் பந்து பட்டு பேஸுக்குச் சென்றால், ஐந்தாவது இன்னிங்ஸிலேயே எவன்ஸ் புல்பென்னில் எழுந்து நிற்க வேண்டியிருக்கும். அப்போது ஆட்டம் இரு பக்கமும் போகலாம்.